அலுமாரிக்கு மேலிருந்த வானொலி

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரவேண்டும் என்று மலர்க்குழுத் தங்கைமார் கேட்டபோது, அதிபர்களின் வரிசையையும் கட்டடங்களின் வரிசையையும் எழுத என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். அவர்கள் விடவில்லை. "அப்ப கூட்டத்தில சொன்ன அந்த ரேடியோக் கதைய எழுதுங்க ராத்தா" என்றார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு வரமுடியாத வெளிநாட்டுச் சகோதரிகளுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சித்திரப் பாட நேரத்தில் ஓர் இளம் ஆசிரியை மெல்லிய சத்தத்தில் பாட்டுப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை வரையவிடுகிறாராம். இது சரியா என்று ஒரு தாய் எழுந்து கேட்டார். இன்னொருவர், தம் மகள் காதில் ஹெட்போன் இல்லாமல் ஒரு கணக்குக்கூடச் செய்கிறாள் இல்லை என்றார். மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "எங்கட காலத்தில இப்படியெல்லாம் இருந்ததா?"

இருந்தது என்று எழுந்து சொன்னேன். எங்கள் தையல் அறையில் அலுமாரிக்கு மேலே ஒரு வானொலிப் பெட்டி இருந்தது. அது பாட, நாங்கள் தைத்தோம். 1967இல் நான் ஆறாம் வகுப்புக்கு வந்தபோது அது அங்கே இருந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு இல்லை. அது ஏன் இல்லாமல் போனது என்பதைக் கூட்டத்தில் நான் சொல்லவில்லை.

வானொலிக்கு வருமுன் மாளிகாவத்தையின் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமது ஊரில் வளர்ந்தவர்களுக்கு அமைதி என்பது வீட்டில் கிடைத்த பொருள் அல்ல. மருதானைக்கும் தெமட்டகொடைக்கும் இடையில் ரயில் ஓடாத நேரம் குறைவு. நள்ளிரவிலும் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் இரும்புச் சத்தம் கேட்கும். சுபஹு பாங்கு, மீன்காரரின் கூவல், பக்கத்து வீட்டுச் சண்டை, குழாயடியில் வாளிகளின் மோதல். எங்கள் வீட்டில் இரண்டு அறைகளில் எட்டுப் பேர். பிறகு தொடர்மாடிகள் எழுந்தன. மேல்மாடியில் உரல் இடித்தால் கீழ்மாடியில் புத்தகம் ஆடும். 1986இல் கெத்தாராமவில் பிரேமதாச விளையாட்டரங்கு திறந்த பிறகு ஆட்ட நாட்களின் கூச்சலும் சேர்ந்துகொண்டது. 1997 ஓகஸ்டில் இலங்கை இந்தியாவுக்கு எதிராக ஆறு விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் குவித்த டெஸ்ட் அங்கேதான் நடந்தது. ஜயசூரிய 340 எடுத்தார் என்று நாடே கொண்டாடியது. என்னிடம் பாடம் கேட்க வந்த அயல்வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஐந்து நாளும் ஒரு வரி ஏறவில்லை.

அறுபதுகளில் தெருவெங்கும் கேட்டது இலங்கை வானொலி. காலையில் பாடசாலைக்கு நடக்கும்போது ஒரு வீட்டில் தொடங்கிய பாட்டு அடுத்த வீட்டில் தொடரும், அதற்கடுத்த தேநீர்க் கடையில் முடியும். எல்லாரும் ஒரே அலைவரிசையில் இருந்ததால் ஒரு சொல்கூடத் தவறாது. பொங்கும் பூம்புனல் தமிழில் ஓடும். கடைகளில் ஹிந்திப் பாட்டு. ரமழான் வந்தால் நாகூர் ஈ. எம். ஹனிபாவின் குரல். பிற்காலத்தில் உலகத் தமிழருக்கெல்லாம் தெரிந்த குரலாகிய பி. எச். அப்துல் ஹமீத், பக்கத்துத் தெமட்டகொடைப் பிள்ளை. சிறுவர் மலர் நிகழ்ச்சியில் தொடங்கியவர். அதனால் வானொலி எங்களுக்குத் தூரத்துப் பொருளாகத் தோன்றியதில்லை.

நமது நாட்டுக்கு வானொலி வந்ததே பாட்டோடுதான். 1924இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சிறு அறையிலிருந்து, பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் கருவிகளைக் கொண்டு தந்தித் திணைக்களத்தார் தாங்களே செய்த ஒலிபரப்பி மூலம் முதலில் அனுப்பிப் பார்த்தது கிராமபோன் இசையைத்தான். எட்வர்ட் ஹாப்பர் என்ற பொறியியலாளர் அந்த வேலையை முன்னின்று நடத்தினார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி ஒழுங்கான சேவை ஆரம்பமானது. பீபீசி தொடங்கி அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பாடசாலைகளுக்கென்று தனி ஒலிபரப்பு 1930களிலேயே வந்துவிட்டது. 1949இல் ரேடியோ சிலோன் உருவாகி, 1950இல் வர்த்தக சேவை தொடங்கியதும் இந்தியாவே நமது நிலையத்துக்குக் காதுகொடுத்தது. 1967 ஜனவரியில் அது கூட்டுத்தாபனம் ஆனது. நான் ஆறாம் வகுப்புக்கு வந்ததும் அதே மாதம்.

எங்கள் பெட்டி பாடசாலை ஒலிபரப்பைக் கேட்பதற்காக வாங்கப்பட்டது. பாட்டுக்காக யாரும் அதை வாங்கவில்லை. வால்வு வானொலி. குமிழைத் திருகினால் உடனே பேசாது. உள்ளே மெல்லச் சிவந்து, மரப்பெட்டி சூடாகி, தூசி கருகும் ஒரு வாசம் வந்த பிறகுதான் குரல் வரும். தையல் அறையில் மட்டும் மின்செருகி ஒழுங்காக வேலை செய்ததாலும், பூட்டக்கூடிய கதவு அங்கே இருந்ததாலும் அந்த அறைக்கு வந்து சேர்ந்தது. வாரத்தில் சில வகுப்புகள் வரிசையாக வந்து உட்கார்ந்து வானொலிப் பாடம் கேட்டுப் போகும். மற்ற நேரமெல்லாம் பெட்டி தையல் டீச்சரின் ஆட்சியில்.

டீச்சருடைய சட்டம் எனக்கு இன்றும் மனப்பாடம். "புள்ளகள், அளக்கிற நேரமும் வெட்டுற நேரமும் பாட்டில்ல. ஓரம் தைக்கிற நேரந்தான் பாட்டு." துணியில் சோக்கட்டியால் கோடு போடும்போது பெட்டி மூடியிருக்கும். கத்தரிக்கோல் எல்லாம் மேசைக்குத் திரும்பி, எல்லார் கையிலும் ஊசி ஏறிய பின்புதான் குமிழைத் திருகுவார். புதிய தையல் ஒன்று பழக்கும் நாளிலும் பாட்டில்லை. சங்கிலித் தையல் கைக்கு வந்துவிட்டதா, சரி, பாட்டு. குறுக்குத் தையலில் கட்டங்களை எண்ணிப் பூப்போடுகிறோமா, பெட்டி மௌனம். எண்ணிக்கை தவறினால் பூவின் ஓரிதழ் பெருத்துப்போகும் என்பார். சத்தமும் அளவோடுதான். ஊசி விழுந்தால் கேட்கவேண்டும், அவ்வளவே.

நாற்பது பிள்ளைகள் தலைகுனிந்து தைக்கும் அறையில் பாட்டு ஓடுவது எப்படியிருக்கும் என்பதை அதில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். யாரும் பாடக்கூடாது, ஆனால் எல்லாருடைய ஊசியும் ஏறத்தாழ ஒரே தாளத்தில் ஏறி இறங்கும். வேகப் பாட்டு வந்தால் தையல் கொஞ்சம் நீளும். டீச்சர் அதைக் கண்டுபிடித்து, "இது எந்தப் பாட்டுக்குத் தச்சது?" என்று கேட்டுப் பிரிக்கச் சொல்வார். எங்கள் வரிசையில் ஒருத்தியின் வீட்டில் வானொலி கிடையாது. வாங்க வசதியில்லை, அனுமதியும் இல்லை. அவளுக்குக் கிழமையில் பாட்டு என்றால் அந்த இரண்டு பாடவேளைதான். அவள் தையல் எங்கள் எல்லாரையும்விட நேராக இருந்தது.

டீச்சர் இந்தச் சட்டத்தை எங்கே கற்றார் என்று தெரியாது. அவர் படித்தறிந்து செய்ததாக நினைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் போர்க்காலத்தில் நடந்ததை வாசித்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். 1940 ஜூன் 23ஆம் திகதி பீபீசி, தொழிற்சாலைகளுக்கென்றே 'வேலை செய்யும்போது இசை' என்ற பொருள்படும் பெயரில் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. நாளுக்கு இரு முறை, அரை மணி நேரம். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையில் சலிப்புத்தான் பெரிய எதிரி, இசை அதைக் குறைத்து உற்பத்தியைக் கூட்டுகிறது என்று அதற்கு முன்பே அங்கே ஆராய்ந்து வைத்திருந்தார்கள். ஆனால் கண்ட பாட்டையும் போடவில்லை. பெரும்பாலும் வாய்ப்பாட்டு இல்லாத இசை. தூக்கம் வரச்செய்யும் மெதுவான மெட்டுகள் விலக்கு. கைதட்டோடு வரும் ஒரு புகழ்பெற்ற அமெரிக்கப் பாட்டைத் தடையே செய்தார்கள். காரணம், தட்டு வரும் இடத்தில் தொழிலாளர்கள் கையிலிருந்த கருவிகளால் இயந்திரத்தின் மேல் தட்டத் தொடங்கிவிட்டார்களாம்! டீச்சர் கேட்டிருந்தால், தையல் நீண்டுபோன கதைதான் இதுவும் என்றிருப்பார்.

நமக்கு இது இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய செய்தியும் அல்ல. நெல் குத்தும் பெண்கள் பாடிய வள்ளைப்பாட்டுச் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. நடவுக்கு ஒரு பாட்டு, ஏற்றம் இறைக்க ஒரு பாட்டு. கேரளத்தில் பீடி சுற்றும் கூடங்களில் ஒருவர் பத்திரிகை வாசிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றினார்கள். கை பழகிய வேலையில் இருக்கும்போது காது சும்மா இருக்கிறது என்பது உழைத்தவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதி.

படிப்பிலும் நாம் அமைதியாகத் தொடங்கியவர்கள் இல்லை. ஓதப் பள்ளியில் முப்பது பிள்ளைகள் முப்பது இடத்தில் நின்று ஒரே நேரத்தில் உரத்து ஓதுவோம். லெப்பை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். யாராவது ஓரெழுத்தைப் பிழையாகச் சொன்னால் கண்ணைத் திறந்து அவளை மட்டும் பார்ப்பார். திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் இதேதான், கூட்டமாக ஓசையோடு மனனம். ஆனால் அந்தச் சத்தம் பாடத்தின் சத்தமே. வாயில் வருவதும் காதில் விழுவதும் ஒன்று. கணக்குச் செய்யும்போது காதில் காதல் பாட்டு விழுவது வேறு கதை. இதை நான் எழுதுவது புத்தகத்தைப் பார்த்து மட்டும் அல்ல.

1969ஆம் ஆண்டு மழைக்காலம். எங்கள் வகுப்பறைக் கூரை ஒழுகியதால் எங்களைத் தையல் அறைக்கு அனுப்பினார்கள். கணிதச் சோதனை. வினாக்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியை ஏதோ வேலையாக அலுவலகத்துக்குப் போனார். கதவோரம் இருந்தவள் நான். அலுமாரி என் தலைக்கு மேலே. கதிரையில் ஏறிக் குமிழைத் திருகியதும் நான்தான். பாட்டோடு தைத்தால் தையல் நன்றாக வருகிறது, பாட்டோடு கணக்கும் நன்றாக வரும் என்று தோழிகளுக்கு நியாயம் வேறு சொன்னேன். சத்தத்தைக் குறைத்துத்தான் வைத்தேன். மழை பெய்ததால் கொஞ்சம் கூட்டினேன்.

அன்று எங்கள் வகுப்பு வாங்கிய புள்ளிகளைச் சொல்லாமல் விடுகிறேன். பிள்ளைகள் வாய்க்குள் பாட்டைப் பாடிக்கொண்டே ஏழையும் எட்டையும் பெருக்கினார்கள். புள்ளியோடு போயிருந்தால் பரவாயில்லை. தாழ்வாரத்தால் போன ஒரு பெற்றோரின் காதில் அது விழுந்தது. சினிமாப் பாட்டுக் கேட்கவா பிள்ளைகளை அனுப்புகிறோம் என்று கேட்டிருக்கிறார். இசையைப் பற்றி நமது சமூகத்தில் ஒரே கருத்து இருந்ததில்லை, இன்றும் இல்லை. அதைத் தீர்க்க நான் வரவில்லை. அவர் கேட்டதில் பிழையும் காணவில்லை. ஆனால் விசாரணை நடக்கவில்லை. யார் போட்டது, எந்தப் பாடத்தில், தையல் டீச்சர் அப்போது எங்கே இருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த கிழமை அலுமாரிக்கு மேலே தூசியில் ஒரு நீள்சதுரம் மட்டும் இருந்தது.

பாட்டு மட்டும் போகவில்லை. வானொலிப் பாடமும் அத்தோடு நின்றது. இங்கிலீஸ் உச்சரிப்பை வேறெங்கும் கேட்க வழியில்லாத பிள்ளைகள் நாங்கள். தையல் டீச்சர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பு நடந்தது, ஊசிகள் ஏறி இறங்கின. வீட்டில் வானொலி இல்லாத அந்தத் தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இத்தனை வருடம் சொல்லாமல்தான் இருந்தேன்.

பிறகு நடந்தது உங்களில் பலர் கண்டதே. 1977க்குப் பின் வாப்பாமாரும் உம்மாமாரும் மத்திய கிழக்குக்குப் போனார்கள். திரும்பும்போது கசெற் ரெக்கோடர் வந்தது. பாட்டு வானொலி நிலையத்தின் கையிலிருந்து வீட்டின் கைக்கு மாறியது. 1979இல் சொனி நிறுவனம் வோக்மனை விற்பனைக்கு விட்டதும் அது ஒரு தனி ஆளின் காதுக்குள் போனது. எனக்கு இதுதான் பெரிய மாற்றமாகத் தெரிகிறது. தையல் அறையில் நாற்பது பேருக்கும் ஒரே பாட்டு. பிடிக்காத பாட்டையும் கேட்டோம், அடுத்தவளுக்குப் பிடித்ததையும் கேட்டோம். டீச்சர் குமிழை மூடினால் எல்லாருக்கும் மூடியது. ஹெட்போனில் நாற்பது பேருக்கு நாற்பது பாட்டு. யாருக்கு எப்போது மூடவேண்டும் என்று எந்த டீச்சருக்கும் தெரியாது.

இந்த விஷயத்தில் ஆராய்ச்சி சொல்வதையும் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். 'மொஸார்ட் கேட்டால் மூளை வளரும்' என்ற பேச்சு 1993இல் கலிபோர்னியாவில் நடந்த ஒரு சிறு ஆய்விலிருந்து கிளம்பியது. முப்பத்தாறு பல்கலைக்கழக மாணவர்கள் பத்து நிமிடம் மொஸார்ட்டைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு ஒரு வகைப் புதிரைச் செய்தார்கள். கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். பலன் கால் மணி நேரத்துக்குமேல் நிற்கவில்லை. குழந்தைகளைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, வேலை செய்துகொண்டே கேட்பதைப் பற்றியும் இல்லை. அதை வைத்து அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநில ஆளுநர் 1998இல் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டுக் கொடுக்க அரச பணம் கேட்டார்!

நமது கேள்விக்கு நெருங்கிய ஆய்வுகள் வேறு. எழுத்துகளை அல்லது எண்களை வரிசையாக நினைவில் வைக்கும் வேலையில், பக்கத்தில் பேச்சுக் கேட்டால் பிழை கூடுகிறது. 1976இல் கோலும் வெல்ஷும் செய்த பரிசோதனையில் பின்னணியில் ஓடியது மாணவர்களுக்குப் புரியாத ஜேர்மன் மொழி. அப்படியும் பிழை கூடியது. "ஹிந்திப் பாட்டுத்தானே, விளங்காதே, எப்படிக் குழப்பும்?" என்று உம்மாவிடம் வாதாடிய எங்கள் தலைமுறைக்கு இது பெரிய அடி. 1989இல் ஸலாமேயும் பட்லியும் வாய்ப்பாட்டு கருவியிசையைவிட அதிகம் குழப்புவதைக் காட்டினார்கள். பிடித்த பாட்டென்றால் பரவாயில்லையா? 2011இல் பெர்ஹாமும் விஸார்டும் அதையும் பார்த்தார்கள். பிடித்த இசையானாலும் பிடிக்காத இசையானாலும் அமைதியில் செய்ததைவிடக் குறைவாகத்தான் செய்தார்கள். டீச்சர் அளக்கும் நேரமும் எண்ணும் நேரமும் பெட்டியை மூடிவைத்தது சரிதான்.

ஆனால் இந்த ஆய்வுகளெல்லாம் பாட்டை அமைதியோடு ஒப்பிடுகின்றன. மாளிகாவத்தைத் தொடர்மாடியில் படிக்கும் பிள்ளைக்கு அந்த மற்றப் பக்கம் எங்கே இருக்கிறது? 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடமே கைத்தொலைபேசியில் வந்தபோது எங்கள் மாடியில் பார்த்தேன். ஒரே அறையில் தம்பிக்கு ஒரு வகுப்பு, ராத்தாவுக்கு ஒரு வகுப்பு, மூலையில் தொலைக்காட்சி, வாசலில் விளையாட்டு. அந்தப் பிள்ளை ஹெட்போனை மாட்டிப் பாட்டைப் போடுவது பாட்டுக்காக மட்டும் அல்ல. அவளுக்கு அது ஒரு சுவர். எட்டுப் பேர் வீட்டில் எனக்குக் கிடைக்காத சுவர். அவளிடம் போய் 'அமைதியில் படி' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே கூட்டத்தில் நான் எந்தப் பக்கமும் கை உயர்த்தவில்லை. சித்திர ஆசிரியை செய்வது எங்கள் தையல் டீச்சர் செய்ததே. கை வேலை, ஒரே பாட்டு, எல்லாருக்கும் கேட்கும் சத்தம், ஆசிரியை கையில் குமிழ். அவரிடம் ஒன்று மட்டும் சொன்னேன்: புதிதாக ஒன்றைப் பழக்கும் நாளில் மூடிவையுங்கள். ஹெட்போன் தாய்க்குச் சொன்னது வேறு. பின்னேரம் இரண்டு மணித்தியாலம் நமது நூலக அறையைத் திறந்துவைக்க முடியுமா என்று சங்கத்திடம் கேட்டிருக்கிறேன். நாம் படித்த காலத்தில் இந்தப் பாடசாலை நமக்குத் தந்த பெரிய வசதி அதன் அமைதிதான். மின்விசிறியும் வெளிச்சமும் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தால் போதும். வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகள் உதவ விரும்பினால் செயலாளருக்கு எழுதலாம்.

தையல் டீச்சர் இன்று இல்லை. அவரிடம் சொல்லியிருக்கவேண்டியதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கூட்டம் முடிந்த பின் பழைய களஞ்சிய அறையைத் திறந்து பார்த்தோம். உடைந்த கதிரைகளும், கால் இல்லாத ஒரு தையல் மெஷினும், கட்டுக்கட்டாகப் பழைய இடாப்புகளும் இருந்தன. பெட்டி இல்லை. 1969க்குப் பின் அதை எங்காவது கண்டவர்கள், யார் வீட்டுக்காவது போனது என்று கேள்விப்பட்டவர்கள் இருந்தால் தெரிவியுங்கள். மரப்பெட்டி. முன்பக்கத் துணியில் இடதுமூலை கிழிந்து, அதைச் சங்கிலித் தையலால் யாரோ தைத்திருப்பார்கள். அந்த யாரோ என் வரிசைத் தோழிதான்.